ஹெட்லைட் மாப்பிள்ளை

"ரெண்டு கண்ணையும் மேல்தோலோட சுரண்டி எடுத்தாத்தான் பார்வை வரும் மாமா," என்றார் மாப்பிள்ளை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

மாமனார் தலையாட்டினார். பேச்சு அவருடைய கண்ணைப் பற்றியது அல்ல, பத்து வருஷத்துப் பழைய காரின் ஹெட்லைட்டைப் பற்றியது. இரண்டு விளக்குகளின் பிளாஸ்டிக் மூடிகளும் மங்கிப்போய், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தன.

மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் பல் தேய்த்தபடியே போனில் பார்த்த இரண்டு வீடியோக்கள். ஆனால் மாமனார் வீட்டில் அவர் எதையும் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. போன முறை அவர் கைவைத்த சமையலறைக் குழாய் இன்னும் மூக்கொழுகிக்கொண்டிருந்தது.

"எல்லாம் வெயில் பண்ற வேலை மாமா. பிளாஸ்டிக்கை அப்படியே வறுத்துடும்."

"வண்டி எப்பவும் ஷெட்டுக்குள்ளதானே நிக்குது?"

"ஷெட்டுக்குள்ளயும் வெயிலோட கதிர் வரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாததை எப்படி மறுப்பது? மாமனார் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எட்டு மாதமாக அவர் இருட்டிய பிறகு வண்டியை எடுப்பதில்லை. அதற்கு முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். விளக்கு மங்கியதும் அது நின்றுபோயிற்று. புது விளக்கு மாற்றவும் அவருக்கு மனசு வரவில்லை. வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போகவும் மனசு வரவில்லை.

மாப்பிள்ளை விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், அப்புறம் பட்டுப்போல் நைசான தாள்.

கிட்டத்தில் பார்த்தபோது அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வீடியோவில் மூடி மஞ்சள் பூத்திருந்தது. இங்கே மஞ்சளே இல்லை, முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்தான். வெயில் இப்படி வட்டம் போட்டுக் கீறுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கீறும் போலிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, சந்தேகத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "லீவு நாள்ல எதுக்கு மாப்பிள்ளை இந்தப் பாடு? விட்டுடுங்களேன்," என்றார். கையில் பாதி படித்த நாவல் இருந்தது.

"உங்களுக்காகத்தான் அத்தை. எட்டு மாசமா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து, பொழுது போகாம புத்தகம் படிக்கிற நிலைமைக்கு வந்துட்டீங்க."

மாமியார் நாவலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பாவம், நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை.

மூன்று மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. பாலிஷ் போட்டு, அதன்மேல் காப்புப் பூச்சும் பூசி, டேப்பை உரித்தார். மாமனார் சுவிட்சைப் போட்டார். எதிர்ச்சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளை எண்ணிவிடலாம் போல வெளிச்சம் அடித்தது.

"கைராசிக்காரர் மாப்பிள்ளை நீங்க," என்ற மாமனார் மறுநிமிஷமே அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர் இல்லாமலே அக்காவின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

"இன்னிக்கே வா தம்பி. அவளையும் கூட்டிட்டு வா. எட்டு மாசமா என் அலமாரியெல்லாம் கலைஞ்சு கிடக்கு. துணி மடிக்கக்கூட ஆள் இல்ல. இனிமே ஒரு நாளும் தவறக்கூடாது, சொல்லிட்டேன்."

"இதோ வந்துட்டே இருக்கோம்க்கா," என்றபடி மாமனார் சட்டை மாற்ற உள்ளே ஓடினார். அந்த வயதில் அவர் இப்படி ஓடியதை மாப்பிள்ளை அதுவரை பார்த்ததில்லை.

மாமியார் நாவலை இடுக்கிக்கொண்டு மெல்ல வண்டிப்பக்கம் வந்தார். இரண்டு விளக்குகளையும் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் மாப்பிள்ளை?"

"ரெண்டு வருஷத்துக்கு வெயில் ஒண்ணும் பண்ண முடியாது அத்தை," என்று நெஞ்சை நிமிர்த்தினார் மாப்பிள்ளை. நன்றி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து, 'அதெல்லாம் எதுக்கு அத்தை' என்ற பதிலையும் தயாராக வைத்திருந்தார்.

மாமியார் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த முரட்டுத் தாள்ல ரெண்டு குடுத்துட்டுப் போங்க. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை வெச்சு ஒரு விளக்கை மங்க வைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."