ஆறு மணிக்கு மேல்

"தினமும் ஆறு இருபதுக்குத்தான் கிளம்புறே. ஆறு மணி வரைக்கும்தான் சம்பளம், தெரியுமில்ல?" நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியின் மேனேஜர் போனில் தாம்தூம் என்று குதித்தார்.

"இந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் இருபது நிமிஷம் ஸ்லோ சார். அதுல ஆறு அடிச்சாத்தான் ஐயா போகச் சொல்றார்."

"விவரமான ஆளு! முள்ளைத் திருகி வெச்சு ஓசியில வேலை வாங்குறார். அவர் பையன்கிட்ட பேசறேன்."

"வேணாம் சார், நானே பாத்துக்கறேன்."

போனை வைத்தாள். பெரியவர் கண்ணயர்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. தண்ணீர் டம்ளரைக்கூட அவள்தான் வாயருகே பிடிக்க வேண்டும். கடிகாரமோ கதவுக்கு மேலே, எட்டாத உயரத்தில்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவளுடைய ஒற்றை அறையில் அவளுக்காகக் காத்திருப்பது ஒரு பூட்டு மட்டும்தான். போன மாதம் அவளே திருகிவைத்த முள்ளைச் சரியான நேரத்துக்கு நகர்த்தக் கையை உயர்த்தினாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண்கள் மூடியேதான் இருந்தன.

"பழியை என் தலையில போட்டதுதான் போட்டே, இன்னும் ஒரு பத்து நிமிஷம் பின்னால தள்ளி வையேம்மா."