சால்வையில் ஓர் இழை

"பெரியம்மா, உள்ள வரலாமா?"

அடுத்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. மஹ்நாஸ் இந்தக் கதவைத் தட்டுவது இதுதான் முதல் தடவை. தலைப்பிள்ளைக்காரி. மூன்று நாள் தூங்காத கண்கள்.

"வா மகளே, இதெல்லாம் கேக்கணுமா?" ஃபக்ரி கதவை அகலத் திறந்தாள். "குழந்தை எங்க?"

"அவர்கிட்ட விட்டுட்டு வந்தேன்." மஹ்நாஸ் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

கம்பளத்தின் மேல் தேநீருக்கான சமோவார் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் கோப்பைகள்.

"யாராச்சும் வர்றாங்களா?"

"என் வீட்டுக்கா? தபால்காரன்கூட வாசலோட சரி. உக்காரு."

ஈரானின் யஸ்த் நகரத்துக் கோடை சுவரையே சுட்டுக்கொண்டிருந்தது. ஃபக்ரியோ குஞ்சம் வைத்த கம்பளிச் சால்வையைப் போர்த்தியிருந்தாள்.

"இந்த வெயில்ல கம்பளியா பெரியம்மா?"

"வயசான உடம்புக்கு வெயில் எது, குளிர் எதுன்னு எங்க தெரியுது?"

கணவர் இறந்து பதினாறு வருடம். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவள் பார்வை பொல்லாதது என்று அந்தச் சந்தில் ஒரு பேச்சு. அவள் எதிரே வந்தால் தாய்மார்கள் குழந்தையின் முகத்தை மூடிக்கொள்வார்கள். போன வாரம் ரொட்டிக்கடை வரிசையில் மஹ்நாஸ் கொஞ்சம் அசந்துவிட்டாள். "அடேயப்பா, என்னமா கொழுகொழுன்னு இருக்கான்!" என்று ஃபக்ரி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினாள். புகழ்ந்த கையோடு, கண் படாமலிருக்கச் சொல்லவேண்டிய 'மாஷா அல்லா'வைச் சொல்லவில்லை. வரிசையே அதைக் கவனித்தது.

"பையன் ராப்பகலா அழறானே. சுவர் வழியா கேக்குது."

"பாலும் சரியா குடிக்கல. மூணு வேளை எஸ்பந்து விதையை நெருப்புல போட்டுப் புகை காட்டிட்டேன். ஒண்ணும் பலிக்கல."

"வெறும் விதையைப் போட்டா எப்படிடீ? கண்ணு வெச்சவங்க துணியிலேர்ந்து ஒரு நூலைச் சேர்த்துப் போடணும். அதுவும் அவங்களுக்குத் தெரியாம எடுக்கணும். உங்கம்மா சொல்லலையா?"

மஹ்நாஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொன்னாங்க" என்றாள் மெதுவாக.

அதற்குமேல் ஃபக்ரி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாசல் மாதுளை மரம், கணவரின் குறட்டை, அவர் சொன்ன பழைய ஜோக்குகள் என்று பதினாறு வருடத்துப் பேச்சைக் கொட்டித் தீர்த்தாள். மஹ்நாஸுக்குச் சமயம் வாய்க்கவில்லை. மூன்று கோப்பை குடிக்கவேண்டியதாயிற்று.

கிளம்பும்போது அவள் ஃபக்ரியை இறுகக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அதிக நேரமே கட்டிக்கொண்டிருந்தாள். ஃபக்ரி கண்ணை மூடி அசையாமல் நின்றாள். அவளை யாராவது தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"புகை போட்டதும், குளுந்த தண்ணியில துணியை நனைச்சு அவன் வாயில குடு. கடிச்சிட்டுக் கிடப்பான், அழுகை நிக்கும்."

"சரி பெரியம்மா." மஹ்நாஸ் உள்ளங்கையை இறுக மூடியபடி ஓடினாள்.

சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் விதைகள் படபடவென வெடித்தன. எஸ்பந்துப் புகையோடு, கம்பளி கருகும் வாசனை. ஃபக்ரி சால்வையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். ஓரத்தில் ஒரு குஞ்சம் மட்டும் நறுக்கப்பட்டிருந்தது.

பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. மஹ்நாஸ் குடித்த கோப்பையை மட்டும் கழுவாமல் ஓரமாக வைத்தாள். நூல் நறுக்க வசதியாக இருக்கட்டும் என்று காலையில் பெட்டியிலிருந்து எடுத்த சால்வையை மடித்து, மறுபடி பெட்டியிலேயே வைத்தாள்.

அன்று வரிசையில் பையன் சிரித்தபோது, அவன் ஈறு சிவந்து வீங்கி, முதல் பல் முளைக்கத் தயாராக இருந்ததை அவள் பார்த்திருந்தாள். இன்னும் சில நாளில் அழுவான், அவன் அம்மா நூலுக்கு வருவாள் என்று தெரிந்துதான் நாக்கு நுனிவரை வந்த 'மாஷா அல்லா'வை விழுங்கினாள்; வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அதை நூறு முறை சொன்னாள்.