தானா முளைச்ச தோட்டம்

"திருடி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இங்கன வந்து பாரு!"

ஜன்னலோரம் நின்று ஜஸ்டின் கூப்பிட்டார். அவர் மனைவி இவாஞ்சலின் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

வாசல் தோட்டத்தில் எதிர்வீட்டு முனீஸ்வரி குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மஞ்சப்பை. அதற்குள்ளிருந்து சின்னச் சின்னச் செடிகள் வேரும் மண்ணுமாக எட்டிப் பார்த்தன.

"பத்து நாளா யாரோ இங்கன தோண்டுறாகன்னு சொன்னேன்ல? இவதான்!"

"முனீஸ்வரியா? இருக்காதுங்க."

"கண்ணால பாத்துக்கிட்டே இருக்காதுங்கிற!"

இவாஞ்சலினுக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒரு செடிகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஈஸ்டருக்கு சர்ச்சில் கட்டிய செண்டுப்பூவை, வாடிய பிறகு கேட்டு வாங்கிவந்து உதிர்த்தாள். காசித்தும்பை, போடியிலிருக்கும் மதினி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி விதை. அந்திமந்தாரை, பஸ் ஸ்டாண்டு சுவரோரம் பொறுக்கியது. ஒரே ஒரு தடவை விதைத்ததுதான். மூன்று வருசமாகக் காய் வெடித்து, விழுந்து, முளைத்து, பூத்துக் குலுங்குகிறது.

கோம்பையில் அந்தத் தெருவைக் கடக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "நான் ஒண்ணுமே செய்யல. எல்லாம் தானா முளைச்சது" என்று சொல்வதில் இவாஞ்சலினுக்கு அப்படி ஒரு பெருமை.

கேட்டிருந்தால் அள்ளிக் கொடுத்திருப்பாளே! இதைப் போய் யாராவது திருடுவார்களா?

அதற்குள் ஜஸ்டின் வாசலுக்கு இறங்கிவிட்டார். முப்பது வருசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன வருசம் ரிட்டயர் ஆனார். குரல் மட்டும் இன்னும் ஆகவில்லை.

"ஏம்மா! விடிஞ்சும் விடியாம அடுத்த வீட்டுச் செடியில கை வைக்கிறியே, நல்லாருக்கா?"

தெருமுனையில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் நின்றிருந்தது. உள்ளே இருந்த பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். முனீஸ்வரியும் அந்த ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறவள்.

"பையில இருக்கிறது யார் வீட்டுச் செடி?"

"உங்க வீட்டுச் செடிதான்ணே."

"கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்? அவளே ஒத்துக்கிட்டா!"

முனீஸ்வரி மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. ஜீப் டிரைவர் முத்துப்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுக்க, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

முத்துப்பாண்டிக்குத் தாங்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"சார், தினமும் வாசலை வழிச்சுப் பெருக்குறீகளே, அதை அள்ளி எங்கன கொட்டுறீக?"

"முக்குல இருக்கிற குப்பைமேட்டுல. அதுக்கென்ன இப்போ?"

"விழுந்த விதை, முளைச்ச குருத்து எல்லாத்தையும் சேத்துத்தான் கொட்டுறீக. அதுக அங்கன போய் வேர் விட்டு நிக்கிது. ஜீப்பு கிளம்புறதுக்குள்ள இந்த அக்கா அதுகளைப் பதமாத் தோண்டி எடுத்து, உங்க வாசல்லயே கொண்டாந்து நட்டுட்டு ஓடியாரும். ஒரு வருசமா நாங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்!"

ஜீப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜஸ்டின் முனீஸ்வரியின் பக்கத்திலிருந்த பையை மெல்ல எடுத்துக்கொண்டு, தோட்டத்து மூலையில் போய் உட்கார்ந்து குழி தோண்ட ஆரம்பித்தார்.

இவாஞ்சலினுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இனிமே விளக்குமாத்தையே தொடக்கூடாதுன்னு அவரை நிறுத்தியிருப்பேனே!"

"அதுக்குத்தாங்க்கா சொல்லல."

முனீஸ்வரி மூலையில் உட்கார்ந்திருந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரிட்டயர் ஆகி வந்த புதுசுல அண்ணே வாசப்படியிலேயே பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருப்பாக. விளக்குமாத்தைக் கையில எடுத்த பிறகுதாங்க்கா அவுக முகத்துல சிரிப்பே வந்துச்சு. அதுக்காக நாலு செடியத் திரும்ப நடுறது எனக்கு ஒரு வேலையா?"