மலை முழுக்க ஒரே பெயர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு அழுகட்டும். மேற்குக் கடலில் உள்ள ஒரு தீவின் மலைச்சரிவில் மூடுபனி இறங்கி நிற்கிறது. நிறைசினையாக இருந்த குதிரையைக் காணாமல் ரூரி விடிந்ததிலிருந்து அலைகிறான். நிறத்தையே பெயராக வைப்பது அங்கே வழக்கம்; குதிரையின் பெயர் க்ளஸ். அந்தத் தீவார் பேசும் கெய்லிக் மொழியில் கதவுக்குப் பூசும் பச்சைக்கு வேறு சொல் உண்டு. தானாக முளைத்த புல்லின் பச்சை, குதிரைத்தோலின் சாம்பல், மழைநாள் கடல், எல்லாமே க்ளஸ்தான். சாயம் காய்ச்சப் பழகுவதற்கு முன்பே பிறந்த சொல் என்பார்கள்.

"அடேய், பாத்துப் பாத்து வச்ச பேரு! கூப்பிட்டா எதுடா வரும்?" என்கிறாள் பக்கத்து வீட்டு ஓய்ரிக்.

"சும்மா இரு, அக்கா. குட்டி குறுக்க கெடந்தா ரெண்டும் போயிரும்," என்றபடி ரூரி கைகளை வாயருகே குவித்து, "க்ளஸ்!" என்று கத்துகிறான்.

சரிவிலுள்ள புல் அத்தனையும் அவன் பக்கம் திரும்புகிறது. பாறைகளில் படர்ந்த பாசி சிலிர்க்கிறது. கீழே கடல் அலையை நிறுத்திவிட்டு, கூப்பிட்டது தன்னைத்தானோ என்று கரையேறி நின்று பார்க்கிறது. ரூரி தொப்பியைக் கழற்றுகிறான். பனி விலகிய இடத்தில் குதிரை நிற்கிறது. அதன் காலடியில், ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு குட்டி எழுந்து நிற்கப் பார்க்கிறது.

அந்தத் தீவில் இன்றுவரை யாரும் குதிரை வளர்த்ததில்லை; சொன்னவன் நாக்கை மட்டும் நீட்டிக் காட்டச் சொல்லாதீர்கள்.