எவ்வளவு கிட்ட வரலாம்?

"முகத்துக்கும் முகத்துக்கும் நாலு விரல் இடைவெளி இல்ல, பாருங்க அண்ணி," என்று ஆம்புரோஸ் போனை நீட்டினான்.

படத்தில் கிளாரிஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாடி வைத்த ஒருவன் அவள் மேல் குனிந்திருந்தான். பெட்ரிசியா படத்தை விரலால் பெரிதாக்கினாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"யாரு தம்பி இவன்?"

"யாருக்குத் தெரியும்? பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துல ஏதோ பழைய மண்டபமாம். மூணு நாளா ரெண்டு பேரும் அங்கதானாம். கேட்டா ஆர்ட்டாம் லா!"

ஆம்புரோஸ் அவள் கணவனின் தம்பி. கணவன் இறந்து ஐந்து வருடமாகிறது. சிரம்பானில் அதே தாமான் குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி இருந்த அவன்தான் அவள் வீட்டுக் குழாய் ரிப்பேர் முதல் கிளாரிஸின் பல்கலைக்கழக விண்ணப்பப் பாரம் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். வீட்டுச் சாவியில் ஒன்று அவனிடம் இருந்தது.

அவனே ஓட்ட, அவன் காடியிலேயே கிளம்பினார்கள். வழியெல்லாம் பெட்ரிசியாவின் மனம் பழையதைக் கிளறியது. பல்கலைக்கழகம் இருக்கும் நீலாய், ரயிலில் தினமும் போய்வரும் தூரம்தான். ஆனாலும் இரண்டு வருடத்துக்கு முன், இருபது வயதில், கிளாரிஸ் திடீரென்று அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு ராத்திரிக்கு மேல் தங்குவதில்லை. சித்தப்பா காடியில் வந்து ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "வேணாம்மா, ரயில்லயே வந்துக்கிறேன்," என்பாள்.

"அப்பவே எனக்குச் சந்தேகம் தம்பி. எவனோ இருக்கான்."

"நான் சொன்னப்ப நீங்கதான் நம்பல. இன்னிக்கே கையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம். அறையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நானே தினம் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரேன்."

செம்பனை மரங்களுக்கு நடுவில் மண்டபம் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. வாயில் வைத்திருந்த வசவோடு உள்ளே நுழைந்த பெட்ரிசியா அப்படியே நின்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நட்டநடுவில், தனி நாற்காலியில் கிளாரிஸ். வாசலிலிருந்து அவள் கால் வரைக்கும் தரையில் கலர் கலராக டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்.

தாடிக்காரன் டேப் சுருளோடு வந்தான். "வாங்க ஆன்ட்டி. நான் ரியான், கிளாரிஸோட படிக்கிறேன்."

"என்ன நடக்குது இங்க?"

"அவளோட கடைசி வருஷ வேலை, ஆன்ட்டி. யார் வேணும்னாலும் வாசல்லேருந்து அவகிட்ட நடந்து போகலாம். எந்த இடத்துல கைய தூக்குறாளோ அங்க நின்னுடணும். நான் டேப் ஒட்டிப் பேரு எழுதுவேன். ஏன் நிறுத்துனேன்னு யாரும் கேக்கக் கூடாது."

பெட்ரிசியா நம்பவில்லை. தரையை ஆராய்ந்தாள். சன்னாசி என்ற பெயர் நாற்காலிக்கு ஆறடி முன்னால் நின்றிருந்தது. பஞ்சாலை என்ற பெண்ணின் பெயர் ஒரு கை தூரத்தில். ரியானின் பெயர் மட்டும் நாற்காலிக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கிட்ட?

கேட்டே தீருவது என்று நடந்தாள். ஆறடி வந்தது. மகள் கையைத் தூக்கவில்லை. பஞ்சாலையின் டேப்பைத் தாண்டினாள், ரியானின் டேப்பைத் தாண்டினாள். முழங்காலும் முழங்காலும் முட்டியபோது கிளாரிஸ் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீ இங்க வருவேன்னு நெனைக்கவே இல்லம்மா."

பெட்ரிசியாவுக்குக் கேட்க வந்தது மறந்துபோனது. ரியான் தரையில் மண்டியிட்டு, அவள் செருப்பு நுனியில் டேப்பை ஒட்டி 'அம்மா' என்று கோணல்மாணலாக எழுதினான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கிளாரிஸ் எட்டிப் பார்த்தாள். இவனைப் போயா சந்தேகப்பட்டோம் என்று பெட்ரிசியாவுக்கு வெட்கமாக இருந்தது. மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய், அவள் தோளில் கை வைத்து நின்றாள்.

சுவரோரம் இருந்த பஞ்சாலை வாசல் பக்கம் திரும்பினாள். "அம்மாவோட வந்தவருதானே நீங்க? அங்கயே நின்னா எப்படி? நீங்களும் போங்க லா!"

அதுவரை படியில் நின்றிருந்த ஆம்புரோஸை எல்லோரும் பார்த்தார்கள். அவன் சத்தமாகச் சிரித்தான்.

"நான் தூக்கி வளத்த புள்ள. எனக்கெல்லாம் எதுக்குக் கோடு?" என்று ஒரு காலை உள்ளே வைத்தான்.

கிளாரிஸின் கை மேலே போனது.

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். ரியான் டேப்பை எடுத்துக்கொண்டு வாசல் நிலையைப் பார்த்தான். அங்கே இதுவரை யாருக்கும் ஒட்டியதில்லை.

"வெளாடுறா, அண்ணி," என்று ஆம்புரோஸ் இன்னும் இரண்டு எட்டு வைத்தான்.

கை இறங்கவில்லை. கிளாரிஸ் அவன் பக்கம் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நம்ம வீட்லயும் நில்லுங்கன்னுதான்மா சொன்னேன், இவரு நிக்கல."