ஓட்டை விழுந்த செய்தித்தாள்கள்

குப்பை வண்டிக்காகக் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாள்களில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. டோக்கியோ சுரங்க ரயில் தாக்குதலின் முப்பதாம் ஆண்டு நினைவுச் செய்திகளை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

"மாடிக்குப் புதுசா வந்தவன் வேலைதான். விஷவாயுவைத் திறந்துவிட்ட அந்த மதக் கூட்டத்து ஆளா இருப்பானோ?" என்றார் தெருச் சங்கத் தலைவர் மிசோகுச்சி.

வீட்டுக்காரி ஃபூமியே முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு மாடியேறினாள்.

"எதுக்குத் தம்பி இதையெல்லாம் வெட்டறீங்க?"

"ஆராய்ச்சிம்மா," என்றான் தக்குமா. "அந்தக் கூட்டத்த விட்டு ஓடி வந்தவங்களுக்கு இன்னிக்கும் யாரும் வீடு தர்றதில்ல. பேரை மாத்திக்கிட்டு ஒளிஞ்சு வாழறாங்க. அவங்க கஷ்டத்த எழுதப் போறேன். இந்த போட்டோல இருக்கறவங்களத்தான் தேடறேன்," என்று வெட்டி எடுத்த ஒரு பழைய படத்தை நீட்டினான்.

ஃபூமியே படத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

ஃபூமியே படியிறங்கினாள். வாசலில் மிசோகுச்சி காத்திருந்தார்.

"என்ன, அந்தக் கூட்டந்தானே?"

"சந்தேகமே வேண்டாம். அந்தக் கூட்டந்தான்."

"அப்பவே சொன்னேன்ல! உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் தெரு நிம்மதியாத் தூங்குது."

ஃபூமியே குனிந்து வணங்கினாள். முகக்கவசத்துக்குள் மோவாய் மச்சம் வியர்த்தது. அதே மச்சத்தோடுதான் முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் படத்தில், கூட்டத்தின் வெள்ளைச் சீருடையில், இரண்டாம் வரிசையில் அவள் சிரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.