ஆளுநர் எழுந்து போன பிறகு

காலனித் தலைநகரான ஃப்ரீடவுனின் சட்டசபைக் கூடத்தில் மழைக்கால வெளிச்சம் மங்கிக் கிடக்கிறது. சபைக்கு இனி யார் தலைமை வகிப்பது என்று உறுப்பினர்களையே பேசி முடிக்கச் சொல்லிவிட்டு, இதுவரை தலைமை வகித்துவந்த ஆங்கிலேய ஆளுநர் வெளியே போயிருக்கிறார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தும் எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். "அவரே இருக்கட்டுமே. நமக்குள்ள சண்டை வராது" என்கிறார் வக்கீல் கோக்கர். கல்வி ஆலோசனைக் குழுவிலிருக்கும் அபியோசே டீச்சர் விசிறியை மடித்து மேசைமேல் வைக்கிறாள். "நாங்க வருஷக்கணக்கா ஆலோசனை சொல்றோம் வக்கீலய்யா. அவரும் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிறாரு. ஒண்ணும் நடக்கல. சண்டை வந்தா வரட்டும், நம்ம சண்டைதானே." பட்டணத்துக்கு வெளியே உள்நாட்டுப் பகுதியிலிருந்து வந்த சிற்றரசர் துராய் தொண்டையைச் செருமுகிறார். "அப்ப மொத சண்டை என்னோடது. தலைவரா பட்டணத்து வக்கீல் வேணாம்." கோக்கரின் முகம் கடுகடுக்கிறது. மறுகணம் ஆளுக்காள் குரலை உயர்த்துகிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.